வேனுக்குள்ளும் வரும் அலுவலகம்

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணி. சோழிங்கநல்லூர் சந்திப்பில் ஒரு டெம்போ டிராவலர் வந்து நிற்கிறது. பன்னிரண்டு பேர் ஏறுகிறார்கள். ஏலகிரிக்கு டீம் அவுட்டிங். யார் கழுத்திலும் அடையாள அட்டை இல்லை. ஆம்பூர் வருவதற்குள் அந்தாக்ஷரி களைகட்டிவிடும். மீட்டிங்கில் வாய் திறக்கத் தயங்குகிறவர்கள்கூட மேனேஜரைப் பாடச் சொல்லி வம்பிழுப்பார்கள். வண்டி கிளம்பியதுமே ஆபீஸ் பின்னால் போய்விட்டது என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. சட்டத்தின் கணக்கு வேறு. நிறுவனம் அமர்த்திய அந்த வேனும், போய் இறங்கும் ரிசார்ட்டும், இரவில் தீ மூட்டி அதைச் சுற்றிப் போடும் நாற்காலிகளும் அலுவலகத்தைச் சேர்ந்தவையே.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், அலுவலர்கள் ‘போஷ் சட்டம்’ என்று சொல்வது, இதில் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. வேலையின் பொருட்டு ஊழியர் போகும் எந்த இடமும் பணியிடம். அங்கே போய்வர நிறுவனம் தரும் வாகனமும் பணியிடம் என்று அதன் இரண்டாவது பிரிவு சொல்கிறது. எனவே ‘அது ஆபீஸில் நடக்கவில்லையே, பார்ட்டியில்தானே நடந்தது’ என்று யாராவது தட்டிக்கழித்தால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தலாம்.

இந்தச் செய்தி இப்போது தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. டீம் கொண்டாட்டங்களிடம் ஊழியர்கள் எதிர்பார்ப்பது மாறிவருகிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஓஎம்ஆர் சாலை நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு, ஈசிஆர் ரிசார்ட்டில் ஓர் இரவு என்பதே பெரிய விஷயமாக இருந்தது. ஊர்விட்டு வந்து விடுதியில் தங்கியிருந்த இளைஞர்களுக்கு ஆபீஸ் நண்பர்கள்தான் குடும்பம். அவர்களில் பலருக்கு இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள், வீட்டில் வயதான பெற்றோர் இருக்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு வாரத்தில் சில நாள் மட்டும் அலுவலகம் வருகிறவர்கள், சனிக்கிழமையைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகளோ ‘மதியம் நல்ல பிரியாணி வாங்கிக்கொடுங்கள், ஆறு மணிக்கு விட்டுவிடுங்கள்’ என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். இரவு விருந்தின் இடத்தை டீம் லஞ்ச் பிடிக்கிறது. மதுவும் சத்தமும் இல்லாமல் கிரிக்கெட், மண்பாண்டம் செய்யும் பயிற்சி, குடும்பத்தோடு வரும் நாள் என்று கேட்கிறார்கள்.

விருப்பம் மாறிய வேகத்துக்கு நிர்வாகம் மாறுவதில்லை. ‘அனைவரும் கட்டாயம் வர வேண்டும்’ என்ற மின்னஞ்சல் இன்னும் வருகிறது. வராதவர் ‘டீமோடு ஒட்டாதவர்’ ஆகிறார். அந்தச் சொல் அப்ரைசல் நேரத்தில் மெல்லத் தலைகாட்டுகிறது.

மறுக்கலாமா? பாரிஸ் நகரத்து ஆலோசனை நிறுவனம் ஒன்றில் மூத்த பொறுப்பில் இருந்தவர் மறுத்தார். வார இறுதிக் குடி விருந்துகளும் அவற்றில் நடக்கும் வரம்பு மீறிய விளையாட்டுகளும் அந்த நிறுவனத்தின் கொள்கையாகவே இருந்தன. தொழிலும் கேளிக்கையும் ஒன்றாகக் கலக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அவர் அதில் சேராமல் ஒதுங்கினார்; 2015இல் வேலையை இழந்தார். ஏழு ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2022 நவம்பர் 9 அன்று பிரான்சின் உயர்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்தக் கேளிக்கைகளை ஏற்க மறுப்பது அவருடைய கருத்துச் சுதந்திரம், அதற்காக வேலைநீக்கம் செய்தது செல்லாது என்று சொன்னது.

பிரான்சின் தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. அவுட்டிங்குக்கு வர மறுக்கலாம் என்று வரி வரியாக எழுதிய சட்டம் இங்கே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்று பொருளல்ல. வேலை நேரத்துக்கு வெளியே நடப்பதற்கு வர முடியாது என்றால், ‘இந்த முறை கலந்துகொள்ள இயலவில்லை’ என்று ஒரு வரி மின்னஞ்சல் போதும். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லத் தேவையில்லை. அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அப்ரைசலில் மதிப்பெண் குறைந்தால், எந்த வேலையில் என்ன குறை என்று எழுத்தில் கேட்க அது உதவும்.

நிர்வாகம் ‘கட்டாயம்’ என்று எழுதினாலோ, அதில் அவர்களுக்கே ஒரு முடிச்சு விழுகிறது. கட்டாயம் என்றால் அது பணி. பணி என்றால் அங்கே நடப்பதற்கெல்லாம் பொறுப்பும் உண்டு. இந்த ஒரு விஷயத்தை மனிதவளத் துறையிடம் பணிவாகக் கேட்டாலே பல மின்னஞ்சல்களில் ‘கட்டாயம்’ என்ற சொல் ‘விருப்பமுள்ளவர்கள்’ என்று மாறும்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. சில இடங்களில் பார்ட்டிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் நடக்கிறது; வராதவரிடமும் கேட்கிறார்கள். தானாகக் கொடுப்பது வேறு, சம்பளத்தில் கழிப்பது வேறு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, சட்டம் பட்டியலிட்ட காரணங்களுக்காக மட்டுமே சம்பளத்தில் பிடித்தம் செய்யலாம். போகாத விருந்துக்கான பங்கு அந்தப் பட்டியலில் இல்லை. அதே நாளில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பு, 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களில் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும் என்கிறது. அது 30 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். ஐடி ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016இலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. ஓஎம்ஆரில் வேலை செய்கிற பலருக்கு இன்றும் இது தெரியாது.

அடுத்து மது. இந்த விஷயத்தில் தென் கொரியா நடந்து வந்த பாதை பாடமாக இருக்கிறது. அங்கே அலுவலகக் கூட்டுணவுக்கு ‘ஹோய்சிக்’ என்று பெயர். முதல் சுற்று இறைச்சி உணவகம், இரண்டாம் சுற்று பீர், மூன்றாவது கரோகே என்று நள்ளிரவு தாண்டி நீளும். மேலதிகாரி ஊற்றிக்கொடுத்தால் மறுப்பது மரியாதைக் குறைவு. கணினி விளையாட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த இளம் பெண் ஒருவர், வாரத்துக்கு இரண்டு இரவாவது இப்படிக் குடிக்க வைக்கப்பட்டு, தாங்க முடியாமல் வேலையை விட்டார். 2007இல் சோல் உயர் நீதிமன்றம், ஒருவரைக் கட்டாயப்படுத்திக் குடிக்க வைப்பது மனித மாண்புக்கு எதிரானது என்று சொல்லி, மேலாளர் 3 கோடி வோன் இழப்பீடு தர உத்தரவிட்டது. 2018இல் வாரத்துக்கு 52 மணி நேர வேலை வரம்பு வந்தது. 2019 ஜூலையில் பணியிடத் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் வந்தது; விருப்பமில்லாதவரைக் குடிக்கவோ விருந்துக்கு வரவோ கட்டாயப்படுத்துவதை அதன் அரசு வழிகாட்டி துன்புறுத்தலுக்கு எடுத்துக்காட்டாகவே சொல்கிறது. இன்று அங்கே பல நிறுவனங்களில் ஹோய்சிக் மதிய உணவாகவும் சினிமாவாகவும் சுருங்கியிருக்கிறது.

இங்கே ‘ஒரு பெக்தானே, கம்பெனி கொடுங்க’ என்ற வற்புறுத்தல் சிரிப்போடு வருவதால் அதை யாரும் வற்புறுத்தலாக எண்ணுவதில்லை. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பதைச் சட்டம் தடுக்கிறது. கல்லூரி முடிந்த கையோடு பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் சிலர் அந்த வயதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். திரும்பும் வழி அதைவிட ஆபத்தானது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கும்போது வண்டி ஓட்டிப் பிடிபட்டால், முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்தில் காயம்பட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு. வேலையின்போது நேர்ந்த காயத்துக்கு நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்ற விதியில், காயத்துக்கு நேரடிக் காரணம் அந்தத் தொழிலாளரின் குடிபோதை என்றால் விலக்கு இருக்கிறது. இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் மட்டும் அந்த விலக்கு பொருந்தாது. ஆபீஸ் செலவில் ஊற்றிய மதுவே, பிறகு ஆபீஸ் தர வேண்டிய இழப்பீட்டைத் தடுக்கக்கூடும்.

பார்ட்டி எப்போது முடிகிறது என்பதும் எளிய கேள்வி இல்லை. 2011 டிசம்பரில் இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் ஒரு சிறு நிறுவனத்தின் கிறிஸ்துமஸ் விருந்து நடந்தது. விருந்து முடிந்து சிலர் ஓட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்து குடித்தபடி பேசினார்கள். பேச்சு வேலை பக்கம் திரும்பியது. புதிதாகச் சேர்ந்த ஒருவரின் சம்பளம் பற்றிக் கேள்வி எழ, நிர்வாக இயக்குநர் கோபத்தில் தன் ஊழியர் ஒருவரை அடித்தார். கீழே விழுந்தவருக்கு மூளையில் நிரந்தரப் பாதிப்பு. விருந்து முடிந்த பிறகு நடந்தது, நிறுவனம் பொறுப்பல்ல என்றது முதல் தீர்ப்பு. 2018 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அந்த நேரத்திலும் அவர் நிர்வாக இயக்குநர் என்ற அதிகாரத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தார், ஆகவே நிறுவனம் பொறுப்பு என்றது. எல்லா வழக்கிலும் இப்படி ஆகாது என்று நீதிபதிகளே எச்சரித்தார்கள். ஆனாலும் பதவி என்பது ரிசார்ட் வாசலில் செருப்போடு கழற்றிவைக்கப்படுவதில்லை என்பதை அந்த வழக்கு காட்டிவிட்டது.

பாலியல் துன்புறுத்தல் நடந்தால் என்ன செய்வது என்பதை ஒவ்வொரு பெண் ஊழியரும் போவதற்கு முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். நடனத்துக்குக் கையைப் பிடித்து இழுப்பது, உடலைப் பற்றிய பேச்சு, ஆபாசமான விளையாட்டுக் கேள்விகள், கைபேசியில் ஆபாசக் காட்சியைக் காட்டுவது, ‘அடுத்த ஆன்சைட் வாய்ப்பு உனக்குத்தான்’ என்று பசப்பி நெருங்குவது, எல்லாமே சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. விரும்பாத செயல் என்பதே அளவுகோல். ‘விளையாட்டுக்குச் செய்தேன்’ என்பது விடை ஆகாது.

10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருந்தாக வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழுவை அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். எழுத முடியாத நிலையில் இருப்பவருக்கு எழுதிக்கொடுத்து உதவுவது குழுவின் கடமை. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை ஒரே டீமில் முகம் பார்க்க வேண்டிய கொடுமையைத் தவிர்க்க இடமாற்றமோ, 3 மாதம் வரை விடுப்போ கேட்கலாம். அந்த விடுப்பு சொந்தக் கணக்கில் கழியாது. சமரசம் புகார் தந்தவர் கேட்டால் மட்டுமே; அதிலும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது. நிரூபிக்க முடியவில்லை என்பதற்காகவே பொய்ப் புகார் என்று தண்டிக்கவும் முடியாது. பலரை மௌனமாக்கி வைத்திருப்பது இந்தக் கடைசி அச்சம்தான் என்பதால் இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாட்சியங்களை அன்றிரவே காப்பது நல்லது. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யார் அருகில் இருந்தார்கள் என்று தனக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளலாம். வாட்ஸ்அப் குழுவிலிருந்து கோபத்தில் வெளியேறும் முன் செய்திகளைப் படமெடுத்து வைக்கலாம். ரிசார்ட்டின் சிசிடிவி பதிவு சில நாளில் அழிந்துவிடக்கூடும். அதைக் காக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு உடனே எழுத வேண்டும். ஆபத்தான நிலையில் 112, ஆலோசனைக்குப் பெண்கள் உதவி எண் 181.

போஷ் சட்டம் பெண்களின் புகாரை மட்டுமே ஏற்கிறது. ஆண்களும் பால்புதுமையினரும் விருந்துகளில் கேலிக்கும் தொல்லைக்கும் ஆளாவது உண்மை. பல நிறுவனங்கள் தங்கள் விதிகளில் பாலின வேறுபாடின்றிப் புகார் தர இடம் வைத்திருக்கின்றன. அந்த விதி தம் நிறுவனத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் சக ஊழியர் ஏற முடியாத மாடியில் விருந்து வைப்பது இன்னொரு வகைப் புறக்கணிப்பு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சம வாய்ப்புக் கொள்கை வேண்டும் என்கிறது. இடம் முடிவாகும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

இங்கிலாந்து 2024 அக்டோபர் 26 முதல் ஒரு படி முன்னே போயிருக்கிறது. புகார் வரும்வரை காத்திராமல், பாலியல் துன்புறுத்தல் நடக்காமல் தடுக்க முன்கூட்டியே நடவடிக்கை எடுப்பது அங்கே முதலாளியின் சட்டக் கடமை. தவறினால் தீர்ப்பாயம் இழப்பீட்டை 25 சதவீதம் வரை உயர்த்தலாம். சென்னை நிறுவனங்கள் இதற்கெனச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வேலை நேரத்துக்குள் நிகழ்ச்சி, பெயர் போடாமல் விருப்பம் கேட்கும் படிவம், குடிக்காத பொறுப்பாளர் ஒருவர், பெண்கள் வீடு சேரும்வரை வாகனம், புகார் குழுவினரின் எண் எல்லார் கைபேசியிலும். இதற்குப் பெரிய செலவில்லை.

பத்துப் பேருக்குக் குறைவான கடை, கிளினிக், ஸ்டார்ட்அப்களில் நிலைமை கடினம். அங்கே விருந்து வைப்பவரே முதலாளி. வரம்பு மீறுபவரும் சில நேரம் அவரேதான். அப்படிப்பட்ட புகார்களுக்காக மாவட்டந்தோறும் உள்ளூர் புகார் குழு இருக்க வேண்டும். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை எல்லா மாநிலங்களுக்கும் மீண்டும் வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். ஒன்றிய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒப்பந்த நிறுவனம் வழியாக வந்தவர், சம்பளமில்லாமல் பயிற்சிக்கு வந்த மாணவி, அன்று இரவு அந்த ரிசார்ட்டில் தட்டு எடுத்துவந்து பரிமாறிய பெண், இவர்கள் எல்லாருக்கும் இதே சட்டம், இதே 3 மாதக் கெடு.