குளிரை விடக் காத்துக்குப் பயப்படு!



நம்ம சங்கரன்கோவிலில் மொட்டை மாடியில் ஏறி மேற்கே பார்த்தால் நீல நிறத்தில் மலை தெரியும். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று நீண்டு போகிற மேற்குத் தொடர்ச்சி மலை அது. பார்க்கப் பார்க்க, "ஒரு நாள் ஏறிப் பாத்துரணும்லே" என்று யாருக்குத்தான் தோணாது? படிப்பு முடித்த அண்ணன்மார் பலர் ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு மலையேறக் கிளம்புகிறார்கள். அதுவும் தை, மாசியில்தான் அதிகம். அப்போதுதான் மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும்.

ஆனால் வெயிலிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு வெயிலை எப்படிச் சமாளிப்பது என்று நல்லாத் தெரியும். குளிரை? தெரியாது! அதிலும் குளிரோடு காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது சுத்தமாகத் தெரியாது. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

மேலே போகப் போக ஏன் குளிர்கிறது?

"மலை உச்சி சூரியனுக்குப் பக்கத்துல இருக்கு, அப்போ சூடாத்தானே இருக்கணும்?" என்று சிலர் கேட்பார்கள். சூரியன் நேராகக் காற்றை அதிகம் சூடாக்குவதில்லை. முதலில் தரையைச் சூடாக்குகிறது. தரைதான் தன் மேலுள்ள காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று மேலே ஏறும்போது அங்கே அழுத்தம் குறைவு என்பதால் விரிகிறது. விரியும் காற்று குளிர்ந்துபோகும். சராசரியாக 1000 மீட்டர் ஏறினால் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும்.

ஒரு கணக்குப் போடுவோம். நம்ம ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர் உயரம். நமக்குத் தெற்கே இதே மலைத்தொடரில் இருக்கும் பொதிகையின் அகத்தியர் மலை 1868 மீட்டர். கேரள வனத்துறை ஜனவரி மாதம் தொடங்கி சில வாரங்கள் மட்டும் அதில் ஏற அனுமதி தருகிறது. போனக்காடு என்ற இடத்தில் தொடங்கி, முதல் நாள் அதிருமலை முகாம் வரை நடை. மறுநாள் உச்சி. கடைசிப் பகுதியில் பாறை மேல் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும்.

நம்ம ஊருக்கும் அந்த உச்சிக்கும் வித்தியாசம் சுமார் 1700 மீட்டர். அப்படியென்றால் சுமார் 11 டிகிரி குறையும். தை மாத விடியலில் நம்ம ஊரில் 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால் உச்சியில் 9 டிகிரி. "ப்பூ, இவ்வளவுதானா? ஒரு சுவெட்டர் போட்டா போச்சு" என்று தோன்றும். அங்கேதான் காற்று உள்ளே வருகிறது.

காற்று செய்யும் வேலை

நம் உடம்பின் உள் வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி. நம் தோலை ஒட்டி மெல்லியதாக ஒரு சூடான காற்றுப் படலம் எப்போதும் இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாத ஒரு போர்வை. காற்று அடித்தால் அந்தப் போர்வையை உருவிக்கொண்டு போய்விடும். உடம்பு திரும்பவும் சூடாக்கும், காற்று திரும்பவும் உருவும். சூடான காபியை ஊதி ஊதி ஆற்றுகிறோமே, அதே வேலைதான். இங்கே காபி நாம், ஊதுவது மலை!

நம்ம ஊரிலும் காற்றுக்குப் பஞ்சமா என்ன? ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை நம்பித்தான் சுரண்டை, கயத்தாறு பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆனால் நம்ம ஊர்ச் சூட்டில் அந்தக் காற்று சுகமாக இருக்கிறது. மலையில் 9 டிகிரியில் அதே காற்று எதிரி. அதோடு, மலை முகட்டில் காற்றுக்கு வேகமும் கூடும். அகலத் தெருவில் மெதுவாக வரும் காற்று, சந்துக்குள் புகும்போது வேகம் எடுக்கிற மாதிரி.

இதை அளந்து பார்த்தவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள். 1940-41இல் அண்டார்டிகாவில் ஒரு சிறு பிளாஸ்டிக் குடுவையில் தண்ணீரைத் தொங்கவிட்டு, எந்தக் காற்று வேகத்தில் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று பார்த்தார்கள். 2001இல் அமெரிக்காவும் கனடாவும் அந்தக் கணக்கைத் திருத்தி அமைத்தன. அதன்படி 5 டிகிரி குளிரில் 30 கி.மீ. வேகக் காற்று அடித்தால் உடம்புக்கு அது 0 டிகிரி மாதிரி இருக்கும். 30 கி.மீ. என்பது ஒரு மொபெட் போகும் வேகம்தான்!

* உங்களுக்குத் தெரியுமா? *
9 டிகிரி காற்றில் வைத்த தண்ணீர் பாட்டில், காற்று எவ்வளவு அடித்தாலும் 5 டிகிரிக்கு இறங்காது. காற்று வெப்பநிலையைக் குறைப்பதில்லை, சூட்டைச் சீக்கிரம் பறிக்கிறது. சூடு உள்ள உடம்புக்குத்தான் அதனால் ஆபத்து.

நனைந்த சட்டை

மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஏறும்போது வேர்த்து நனைந்த நம் சட்டையும் அதையேதான் செய்யும். மேலும் தண்ணீர், காற்றைப் போல் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும்.

நம்ம ஊர் தறி ஓடும் ஊர். பருத்தித் துணிதான் நமக்குப் பெருமை. வெயிலுக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. ஆனால் குளிர் மலையில் நனைந்த பருத்திச் சட்டை சீக்கிரம் காயாது, உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1964 மார்ச் மாதம் இங்கிலாந்தில் டெர்பிஷயர் பகுதிக் குன்றுகளில் சாரணர்களுக்கான நீண்ட நடைப் போட்டி நடந்தது. மழையும் பலத்த காற்றும் சேர்ந்து அடித்தன. மூன்று இளைஞர்கள் குளிரில் இறந்துபோனார்கள். அந்தக் குன்றுகள் 700 மீட்டர் உயரம்கூட இல்லை! நம்ம அகத்தியர் மலையில் பாதிகூடக் கிடையாது. அந்த மரணங்களை ஆராய்ந்தவர் கிரிஃபித் பியூ என்ற உடலியல் அறிஞர். 1953இல் எவரெஸ்ட்டை முதன்முதலில் ஏறிய குழுவில் இருந்தவர் அவர். நனைந்த துணி, காற்று, களைப்பு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் திடகாத்திரமான இளைஞனையும் சாய்த்துவிடும் என்பது அதில் தெரிந்தது.

உடம்பு குளிர்ந்தால் மூளையும் குளிரும்

உடம்பின் உள் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து தொடங்குகிறது. முதலில் உடம்பு வெடவெடன்னு நடுங்கும். அது நல்லதுதான், தசைகள் ஆடி ஆடிச் சூடு உண்டாக்குகின்றன. பிறகு விரல் மரத்துப் பொத்தான் போட வராது. கால் தடுக்கும். பேச்சு குழறும். எரிச்சல் வரும். இன்னும் குளிர்ந்தால் நடுக்கம் நின்றுவிடும். "அப்பாடா, நடுக்கம் நின்னுட்டு" என்று நினைத்துவிடக் கூடாது. உடம்பு தோற்கிறது என்று அர்த்தம்!

இதில் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மூளையும் குளிர்வதால், பாதிக்கப்பட்டவனுக்குத் தான் பாதிக்கப்பட்டது தெரியாது. கேட்டால், "எனக்கு ஒண்ணுமில்லலே, நீ போ, நான் கொஞ்சம் உக்காந்துட்டு வாரேன்" என்பான். காய்ச்சல் வந்தால் நமக்கே தெரிகிறது. இது அப்படி இல்லை. இதைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றே ஒன்றுதான். அது பக்கத்தில் நடக்கும் கூட்டாளியின் கண்!

கூட்டாளியின் வேலை

1. ஒருவரை ஒருவர் கண் பார்வையில் வைத்தே நடக்க வேண்டும். மெதுவாக நடப்பவன்தான் வேகத்தை முடிவு செய்ய வேண்டும்.
2. அடிக்கடி பேச்சுக் கொடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால், "ஏலே, ஏழாம் வாய்ப்பாடு சொல்லு" என்று கேளுங்கள். குழறினால் உடனே நில்லுங்கள்.
3. "ஒண்ணுமில்ல" என்ற பதிலை நம்பாதீர்கள். கையைப் பாருங்கள், நடையைப் பாருங்கள்.
4. நடுங்குபவனைப் பாறை மறைவுக்குக் கொண்டுபோய், ஈரத் துணியை மாற்றி, தரையில் படாமல் பை மேல் உட்கார வைத்துப் போர்த்த வேண்டும். நல்ல நினைவோடு இருந்தால் சூடான, இனிப்பான பானம் தரலாம்.
5. கை, காலைப் பரபரவென்று தேய்க்கக் கூடாது. நெஞ்சுப் பகுதியைத்தான் முதலில் சூடாக்க வேண்டும்.
6. "பிராந்தி குடிச்சா சூடு ஏறும்" என்பது தவறு. மது தோலுக்கு ரத்தத்தை அனுப்பி உள்ளே இருக்கும் சூட்டையும் வெளியே விட்டுவிடும்.
7. நடுக்கம் நின்று, தூக்கமாகக் கிடந்தால் நடக்க வைக்கக் கூடாது. அசைக்காமல் படுக்க வைத்து வழிகாட்டி மூலம் உதவி கேட்க வேண்டும்.

கிளம்பும் முன்

உடுப்பில் மூன்று அடுக்கு வேண்டும். உள்ளே சீக்கிரம் காயும் விளையாட்டு ஜெர்சி, நடுவே கம்பளி சுவெட்டர், வெளியே காற்றுப் புகாத மழைக்கோட்டு. காதை மூட மப்ளரோ குல்லாவோ வேண்டும். மாற்றுத் துணியைப் பாலித்தீன் பையில் கட்டி வையுங்கள். வேர்க்கும் முன்பே சுவெட்டரைக் கழற்றுங்கள், நின்றவுடன் போடுங்கள். எரியும் அடுப்புக்கு விறகு மாதிரி உடம்புக்குச் சாப்பாடு வேண்டும். அதற்கு கோவில்பட்டி கடலைமிட்டாயை அடிக்க ஆள் கிடையாது!

இன்னொன்று, அனுமதி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, 23 பேர் உயிரிழந்தார்கள். அங்கே குளிர் இல்லை, ஆனால் தீயை விரட்டியது காற்றுதான். அதன்பின் விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் தமிழக அரசு, 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை வழிகாட்டியோடு ஏற்பாடு செய்தது. வீட்டுக்குத் தெரியாமல், வனத்துறைக்குத் தெரியாமல் காட்டுக்குள் போவது வீரம் இல்லை. வழி தவறினால் தேடி வரக்கூட ஆள் இருக்காது.

நம்மால் முடியுமா?

முடியும்! பூர்ணா, ஆனந்த் குமார் என்ற இரண்டு மாணவர்கள். தெலங்கானா பகுதி அரசு சமூகநலப் பள்ளிகளில் படித்தவர்கள், நம்மைப் போலவே வெயில் ஊர்ப் பிள்ளைகள். புவனகிரிப் பாறையில் ஏறப் பழகி, டார்ஜிலிங்கிலும் லடாக்கிலும் குளிருக்குப் பழகினார்கள். 2014 மே 25 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். அப்போது பூர்ணாவுக்கு 14 வயதுகூட நிரம்பவில்லை. வெயில் ஊரில் பிறந்தது குறை இல்லை. பழகாமல் போவதுதான் குறை.

ஆகவே நண்பர்களே, என்றாவது ஒருநாள் நீங்கள் மலையேறும்போது உச்சிக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கலாம். காற்று சுழற்றி அடிக்கலாம். பக்கத்தில் வருபவனுக்குப் பேச்சு குழறலாம். அப்போது உச்சியைப் பார்க்காதீர்கள், அவன் முகத்தைப் பாருங்கள். திரும்பி இறங்குங்கள். மலை எங்கேயும் ஓடிப் போகாது, அடுத்த தை மாதமும் அங்கேயேதான் இருக்கும்.

உயிர் காப்பான் தோழன்!

- 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு