சார்பு உட்செலுத்தல்
சார்பு உட்செலுத்தல் என்பது மென்பொருளின் ஒரு கூறு தனக்குத் தேவையான பிற கூறுகளைத் தானே உருவாக்காமல் வெளியிலிருந்து பெற்றுக்கொள்ளும் முறை ஆகும். மார்ட்டின் பவுலர் 2004 இல் எழுதிய கட்டுரை இப்பெயரைப் பரவலாக்கியது.

செல்பேசிச் செயலியின் திரையைச் சோதிக்கையில் இதன் பயன் விளங்கும். உண்மையான வழங்கியை நாடும் சோதனை, இணைப்பு அறுந்தால், திரையில் வழு இல்லாதபோதும் தோல்வியுறும். எப்போதும் ஒரே விடை தரும் போலிக் கூற்றை உட்செலுத்தினால் இச்சிக்கல் எழாது. பிழைச்செய்தித் திரையையும் வேண்டியபோது வரவழைக்கலாம்.

ஆண்ட்ராய்டில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆக்டிவிட்டி எனப்படும் திரைக்கூற்றை இயங்குதளமே உருவாக்குவதால், சோதனை நிரல் அதனிடம் போலியை நேரே கொடுப்பது எளிதன்று. கூகுள் 2020 இல் வெளியிட்ட ஹில்ட் நிரலகம், சோதனையின்போது மட்டும் ஒரு தொகுதியை நீக்கி வேறொன்றை இட வழி செய்கிறது. பலரும் இடறுவது நேரத்தில்தான்: ஆக்டிவிட்டி உருவாகும்போதே உட்செலுத்தல் நிகழ்ந்துவிடுவதால், போலி அதற்கு முன்பே அமைக்கப்பட்டிருக்க வேண்டும்.