திருவிழாப் படம் தவறாமல் இருக்க...

கோலா சாவா, ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்து, இன்று சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்ப்பவர்கள் பலரை ஊருக்கு இழுத்து வருவது கோயில் திருவிழாதான். பால்மரக் காடுகள் செம்பனையாகிவிட்டன. லயத்து வீடுகளும் குறைந்து வருகின்றன. மிஞ்சியிருப்பதைப் படமெடுத்து வைக்கலாம் என்று கேமராவோடு போனால், தீமிதிக்கும் மாமாவின் முகம் கலங்கிப் போகிறது. கோயில் வாசலைப் படமெடுத்தால் வானம் வெளுத்துவிடுகிறது. இரண்டுக்கும் உங்கள் கேமராவிலேயே வழி உண்டு.

ஓடும் காலைப் பிடிக்க

ஒரே அழுத்தலில் படங்களைத் தொடர்ந்து எடுப்பது ‘கன்டினியூவஸ் ஷூட்டிங்’. கட்டங்கள் அடுக்கி வைத்தது போன்ற சின்னம் இதற்குரியது. 1878-ல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ், ஓடும் குதிரையைப் படமெடுக்க 12 கேமராக்களை வரிசையாக வைத்தார். அந்த வேலையை இன்று ஒரே கேமரா செய்கிறது.

ஆனால் வேகமாக எடுத்தால் மட்டும் படம் தெளிவாகிவிடாது. ஷட்டர் வேகம் 1/500 வினாடியாவது இருக்க வேண்டும். இரவு நேரமென்றால் ஐஎஸ்ஓ-வை 3200-க்கோ அதற்கு மேலோ ஏற்றுங்கள். ஃபோகஸை கேனனில் ‘சர்வோ’, நிக்கான், சோனியில் ‘ஏஎஃப்-சி’ என்று மாற்றினால், நடந்து வருபவரைக் கேமரா பின்தொடரும். பட்டனை விடாமல் அழுத்தினால் தற்காலிக நினைவகம் நிரம்பி, முக்கியமான நேரத்தில் கேமரா திணறும். ஓரிரு வினாடிகளாகப் பிரித்து எடுங்கள்.

இருளும் வெயிலும் சேருமிடம்

நண்பகல் வானமும் இருண்ட கருவறை வாசலும் ஒரே படத்தில் சரியாக விழுவது கடினம். 1850-களில் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களை இணைத்து இதைச் சமாளித்தார். அதன் இன்றைய வடிவம் ‘பிராக்கெட்டிங்’.

கேனனில் ‘ஏஇபி’, நிக்கானில் ‘பிகேடி’ என்று இருக்கும். மூன்று படங்கள், இடைவெளி 2 ஸ்டாப் என அமையுங்கள். ஒன்று இயல்பான ஒளியில், ஒன்று நான்கில் ஒரு பங்கு ஒளியில், ஒன்று நான்கு மடங்கு ஒளியில் பதிவாகும். தொடர் முறையையும் சேர்த்து வைத்தால் ஒரே அழுத்தலில் மூன்றும் கிடைக்கும். ‘அப்பெர்ச்சர் பிரையாரிட்டி’ முறையில், முக்காலியில் வைத்து எடுத்தால் கணினியில் எளிதாக இணைக்கலாம்.

கோயிலுக்கும் பழைய லயத்துக்கும் பிராக்கெட்டிங் ஏற்றது. ஆட்கள் நடமாடினால் நிழலுருவம் விழும். வேலை முடிந்ததும் அமைப்பைப் பழையபடி மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்து எடுக்கும் குடும்பப் படங்களில் ஒன்று இருண்டும் ஒன்று வெளுத்தும் வரும்.

எடுத்த பிறகு

வீடு திரும்பிய இரவே உட்காருங்கள். இருநூறு படங்களில் நல்ல இருபதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். அந்த இருபதிலும் தோட்டத்தின் பெயர், ஆண்டு, நிற்பவர் யார் என்று குறித்து வையுங்கள். பெயர் தெரியாத முகங்களைப் பாட்டியிடம் காட்டிக் கேளுங்கள். அதை மட்டும் அடுத்த திருவிழாவுக்குத் தள்ளிப் போடாதீர்கள்.