சங்கக் கணக்கைக் கணனி மெதுவாகப் போடுவது ஏன்?

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், கற்பிட்டிக் குடாநாடு முதல் முந்தல் வரை வாழும் எமது இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குச் சங்கக் கணக்கு என்பது வெறும் எழுத்து வேலை அல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், போர்க் காலத்தில் இங்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களும் காணி, கிணறு, தோட்டம் எல்லாவற்றையும் விட்டே வந்தார்கள். காணி உறுதி கையில் இல்லாதவருக்கு வங்கி இலகுவில் கடன் தராது. வெங்காய விதைக்கும், உரத்துக்கும், தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் எண்ணெய்க்கும் அவர் நம்பிப் போகக்கூடிய இடம் அவருடைய சேமிப்புச் சங்கமே. அங்கே வாரந்தோறும் கட்டிய பணமும், தவணை தவறாமல் திருப்பிய கடனும் பதியப்பட்ட ஏடுதான் அவருடைய நாணயத்துக்குச் சாட்சி.

2009 இல் போர் முடிந்த பின்னர் இந்த ஏட்டின் பெறுமதி இன்னும் கூடிவிட்டது. சிலர் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பினார்கள். பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். இரண்டு இடத்துக்கும் போய்வருவோரும் உண்டு. ஊர் திரும்பும் ஒருவர் "என் கணக்கை முடித்துத் தாருங்கள்" என்று கேட்டால், அன்றே சரியான தொகையைச் சொல்லச் சங்கத்தால் முடிய வேண்டும்.

இன்று பல சங்கங்கள் ஏட்டைக் கணனியில் வைத்திருக்கின்றன. எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் என்னும் விரிதாளில், உயர்தரம் படித்த பிள்ளை ஒருவர் கணக்கைப் பதிகிறார். முதல் ஆண்டு எல்லாம் நன்றாகவே நடக்கும். இரண்டாம், மூன்றாம் ஆண்டில் ஒரு தொகையைத் தட்டிவிட்டு அடுத்த தொகைக்காகக் காத்திருக்க வேண்டி வரும். கூட்ட நாளில் தோட்ட வேலையை விட்டு வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். "கணனி பழசு, புதிது வாங்க வேண்டும்" என்ற பேச்சு எழும். வாங்குவதற்கு முன் காரணத்தைப் பார்ப்போம்.

விரிதாள் வேலை செய்யும் விதம்

விரிதாள் என்பது நிரையும் நிரலுமாகக் கட்டமிட்ட பெரிய ஏடு. ஒவ்வொரு கட்டமும் ஒரு கலம். கலத்தில் தொகையை எழுதலாம். வேறு கலங்களைக் கூட்டவோ கழிக்கவோ சொல்லும் சூத்திரத்தையும் எழுதலாம். 1979 இல் அமெரிக்காவில் டான் பிரிக்லின், பொப் பிராங்ஸ்டன் ஆகிய இருவரும் வெளியிட்ட விசிகல்க் என்பதே சிறு கணனிகளுக்கு வந்த முதல் விரிதாள். ஒரு தொகை மாறினால் அது தாள் முழுவதையும் மறுபடி கணித்தது. இன்றைய விரிதாள்கள் அப்படிச் செய்வதில்லை. எந்தச் சூத்திரம் எந்தக் கலத்தை நம்பியிருக்கிறது என்று ஒரு பட்டியலை உள்ளே வைத்துக்கொண்டு, மாறிய கலத்தை நம்பியிருக்கும் சூத்திரங்களை மட்டுமே மறுபடி போடுகின்றன.

ஆகவே தாமதத்துக்குப் பெரும்பாலும் கணனி காரணமல்ல. ஒரு சிறு மாற்றத்துக்காக எத்தனை கலங்களை மறுபடி வாசிக்கும்படி எமது சூத்திரங்கள் கட்டளையிடுகின்றன என்பதே கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டு

400 அங்கத்தவர் உள்ள ஒரு சங்கத்தை வைத்துக்கொள்வோம். வாரம் ஒரு முறை எல்லோரும் பணம் கட்டினால், 52 வாரத்தில் 20,800 பதிவுகள் சேரும்.

முதலாவது, காசேட்டின் மீதி. பலர் ஒவ்வொரு நிரையிலும் "முதல் நிரையிலிருந்து இந்த நிரை வரை கூட்டு" என்று சூத்திரம் எழுதுகிறார்கள். இரண்டாம் நிரைக்கு 2 தொகை, மூன்றாம் நிரைக்கு 3 தொகை என்று போய், கடைசி நிரைக்கு 20,800 தொகைகளைக் கணனி வாசிக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்தால் 21 கோடியே 63 இலட்சத்து 30 ஆயிரத்து 400 தடவை. முதல் வாரத்துப் பதிவு ஒன்றைத் திருத்தினால் இத்தனையும் மறுபடி நடக்கும்.

எமது பெரியவர்கள் காசேட்டை இப்படி எழுதவில்லை. மேலே உள்ள மீதியை எடுத்து, இன்றைய வரவைக் கூட்டி, செலவைக் கழித்தார்கள். பத்தாவது பாத்திக்குத் தண்ணீர் கட்டுபவர் ஒவ்வொரு முறையும் முதலாம் பாத்திக்குப் போய்த் தொடங்குவதில்லையே! சூத்திரத்தையும் அவ்வாறே "மேல் நிரையின் மீதி, சக இந்த நிரையின் வரவு, சய செலவு" என்று மாற்றினால் நிரைக்கு ஒரு கணக்காக 20,800 கணக்குகளே. வேலை ஏறத்தாழ 10,400 மடங்கு குறைகிறது. இரட்டிப்பு வேகமுள்ள புதிய கணனி வாங்கினாலும் தாமதம் பாதியாகத்தான் குறையும்.

இம்முறையில் ஒரு கவனம் தேவை. இடையில் ஒரு நிரையை அழித்தால் சங்கிலி அறுந்து பிழை காட்டும். பிழையான பதிவை அழிக்காமல், ஏட்டில் செய்வதுபோல எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்யுங்கள். பெயர் வரிசைப்படி பார்க்க வேண்டுமானால் இன்னொரு பிரதியில் அடுக்குங்கள். காசேடு எப்போதும் திகதி ஒழுங்கிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது, அங்கத்தவர் மீதி. ஒவ்வொரு பதிவின் அருகிலும் "இந்த அங்கத்தவரின் பெயரில் உள்ள தொகைகளை எல்லாம் தேடிக் கூட்டு" என்று எழுதும் வழக்கம் உண்டு. சம்இஃப் என்ற சார்பு இதைச் செய்கிறது. 20,800 சூத்திரங்களில் ஒவ்வொன்றும் 20,800 நிரைகளைப் பார்த்தால் 43 கோடியே 26 இலட்சத்து 40 ஆயிரம் பார்வைகள். இங்கே திருத்தம் கூட வேண்டாம். புதிதாக ஒரு தொகை எழுதினாலே எல்லாம் மறுபடி ஓடும். கூட்ட நாளில் வரிசை நீளுவதற்கு இதுவே பெரிய காரணம்.

இச்சூத்திரங்களைப் பதிவுத் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கத்தவர் பட்டியல் என்று தனித் தாள் வைத்து, ஒருவருக்கு ஒரு சூத்திரமாக 400 மட்டும் போதும். பார்வைகள் 83 இலட்சத்து 20 ஆயிரமாகக் குறையும். அதாவது 52 இல் ஒரு பங்கு. வாரம் ஒரு முறை பார்த்தால் போதும் என்ற சங்கங்கள் பிவட் டேபிள் என்ற வசதியைப் பயன்படுத்தலாம். அது கேட்கும்போது மட்டுமே எல்லோருடைய கூட்டுத்தொகையையும் புதுப்பித்துத் தரும்.

மூன்றாவது, பெயர் தேடுதல். அங்கத்துவ இலக்கத்தை எழுதியவுடன் பெயர், கிராமம், குழு ஆகியவற்றைக் கொண்டுவர விலுக்கப் என்ற சார்பை மூன்று தடவை எழுதுகிறார்கள். ஒரே ஆளை மூன்று முறை தேடுவது வீண். மட்ச் என்ற சார்பால் அவர் எத்தனையாவது நிரையில் இருக்கிறார் என்று ஒரு முறை கண்டுபிடித்து ஒரு கலத்தில் வையுங்கள். பிறகு இண்டெக்ஸ் என்ற சார்பு மூன்று விபரங்களையும் தேடாமலே எடுத்துத் தரும்.

நான்காவது, இன்றைய திகதி. கடன் தவணை எத்தனை நாள் பிந்தியது என்று பார்க்க டுடே என்ற சார்பைப் போடுவார்கள். இது தாளில் எங்கே என்ன மாறினாலும் தானும் மறுபடி கணிக்கும். தன்னை நம்பியுள்ள எல்லாவற்றையும் கணிக்க வைக்கும். ஒப்செட், இன்டிரெக்ட் என்பவையும் இத்தகையவையே. கூட்டத் திகதியை ஒரு கலத்தில் கையால் எழுதி, எல்லாச் சூத்திரமும் அதைப் பார்க்கும்படி செய்யுங்கள். வேகம் கூடுவதோடு, சென்ற மாதக் கணக்கை இன்று திறந்தாலும் அன்றிருந்த தொகையே தெரியும். கணக்காய்வுக்கு இது அவசியம்.

ஐந்தாவது, முடிந்த ஆண்டு. ஆண்டிறுதியில் ஏட்டை மூடி, மீதியைப் புதிய ஏட்டுக்குக் கொண்டுபோகும் ஒழுங்கு கணனியிலும் வேண்டும். கணக்காய்வு முடிந்த ஆண்டைத் தனிக் கோப்பாக வையுங்கள். புதிய கோப்பில் ஒவ்வொருவரின் ஆரம்ப மீதியையும் சூத்திரமாக அல்லாமல் தொகையாகவே ஒட்டுங்கள்.

தானியங்கிக் கணிப்பை நிறுத்துவது நல்லதா?

தாமதம் தாங்காமல் சிலர் தானாகக் கணிப்பதை நிறுத்தி, வேண்டும்போது எஃப்9 விசையை அழுத்தும் முறைக்கு மாறுகிறார்கள். நிறையப் பதிவுகளை ஒரே முறையில் ஏற்றும்போது இது உதவும். ஆனால் ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. விசையை அழுத்த மறந்தால் திரையில் இருப்பது பழைய மீதி. இன்று 2,000 ரூபாய் கட்டிய தாயின் கணக்கில் அது சேராமலே பட்டியல் அச்சாகிவிடும். எக்செலில் இன்னொரு சிக்கலும் உண்டு. முதலில் திறக்கும் கோப்பு எந்த முறையில் இருந்ததோ, அதன்பின் திறக்கும் கோப்புகளும் அந்த முறைக்கே போய்விடும். ஒருவர் நிறுத்தியது மற்றவருடைய கணக்கையும் பாதிக்கலாம். எனவே ஏற்றும் வேலை முடிந்தவுடன் தானியங்கிக்குத் திரும்புங்கள். வாசிப்பதற்கும் அச்சிடுவதற்கும் முன் எஃப்9 ஐ அழுத்துவது சங்கத்தின் சட்டமாக இருக்கட்டும்.

மாற்றும்போது செய்ய வேண்டியவை

1. முதலில் கோப்பைப் பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

2. மொத்தச் சேமிப்பு, மொத்தக் கடன் மீதி, கையிருப்புக் காசு ஆகிய மூன்றையும் தாளில் எழுதி வையுங்கள்.

3. ஒரு நேரத்தில் ஒரு வகைச் சூத்திரத்தை மட்டும் மாற்றுங்கள்.

4. மாற்றிய பின் மூன்று தொகைகளும் சதம் பிசகாமல் முன்போலவே இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பிரதிக்குத் திரும்புங்கள்.

5. ஐந்தாறு அங்கத்தவரின் சேமிப்புப் புத்தகங்களைக் கணனியுடன் ஒப்பிடுங்கள்.

கணனியைத் தொடாத அங்கத்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கட்டிய பணத்தைச் சேமிப்புப் புத்தகத்தில் அன்றே பதிவித்துக் கையொப்பம் வாங்குங்கள். மாதம் ஒரு முறை இரண்டு மீதியும் ஒன்றா என்று கேளுங்கள். கேட்பது பொருளாளரைச் சந்தேகிப்பது ஆகாது. அவருடைய நேர்மைக்கு அதுவே காவல். பெயர் வாசிக்கும்போது தன் தொகையைத் தானே அறிந்து "சரி" என்று சொல்லும் அங்கத்தவர்கள் உள்ள சங்கத்தை எவராலும் ஏமாற்ற முடியாது.