எட்டு மாத்திரையும் ஒரு மாத்திரையும்

காளையார்கோவிலைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு கிராமத்தில் ஒருவருக்கு நெஞ்சைப் பிசைகிறது, இடது கை கடுக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது. சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றால் காளையார்கோவிலில் இருந்தே ஏறத்தாழ 18 கிலோமீட்டர். மதுரை அதைவிடப் பல மடங்கு தூரம். இப்படிப்பட்ட தூரங்களை மனத்தில் வைத்துத்தான் 2023 ஜூனில் தமிழக அரசு ‘இதயம் காப்போம்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருகிறவருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் 14 மாத்திரைகள் கொடுக்கிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, மீதி 8-ம் அடோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம். ‘கொழுப்பு மாத்திரை’ என்று நாம் சொல்லும் ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்தது அது. (ஆபத்து நேரத்தில் மருத்துவப் பணியாளர் ஒரே ஒரு முறை கொடுக்கும் அளவு இது. வீட்டில் நாமாக எண்ணி விழுங்குவதற்கல்ல.)

நெருக்கடியில் எட்டாகக் கொடுக்கப்படும் இதே மருந்தைத் தினம் ஒன்று சாப்பிடப் பயந்து பாதியில் விட்டுவிடுகிறவர்கள் நம் ஊர்களில் ஏராளம். “அதான் நார்மலுக்கு வந்துருச்சே, இனிமே எதுக்கு?” என்பது ஒரு கட்சி. “ஈரலைக் கெடுத்துரும்” என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே பாதி உண்மையில் கிளம்பி முழுத் தவறில் போய் முடிகிறவை.

ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி தட்டில் இருந்து வருவதல்ல, கல்லீரலே தயாரிப்பது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை நிறுத்திய பிறகும் சிலருக்கு எண் இறங்காததற்கு அதுவே காரணம். ஸ்டாட்டின் அந்தத் தயாரிப்புக்கு வேண்டிய நொதியை மட்டுப்படுத்துகிறது. தட்டுப்பாடு வந்ததும் கல்லீரல், கெட்ட கொழுப்பு என்கிற எல்.டி.எல்.லை ரத்தத்தில் இருந்து கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ‘நார்மல்’ என்று ரிப்போர்ட்டில் வந்தது நோய் தீர்ந்ததால் அல்ல, மாத்திரை வேலை செய்வதால்.

இந்த வகை மருந்தை முதலில் கண்டெடுத்தவர் ஜப்பானின் அகிரா எண்டோ. ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்துத் தேடி, 1973-ல் ஒரு பச்சைப் பூஞ்சையில் அதைப் பிடித்தார். 1994-ல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் இருந்த 4,444 பேரில் ஸ்டாட்டின் எடுத்தவர்களிடையே மரணம் 30 விழுக்காடு குறைந்திருந்தது. சந்தேகப்பட்டவர்களில் பலரின் வாயை அந்த எண்தான் அடைத்தது.

எவ்வளவு இறக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பொதுவாக எல்.டி.எல். 100-க்குக் கீழே, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களைப் போல ஆபத்து கூடியவர்களுக்கு 70-க்குக் கீழே, மாரடைப்பு வந்தவர்களுக்கு 55-க்குக் கீழே. பக்கத்து வீட்டுக்காரரின் ரிப்போர்ட்டோடு நம்முடையதை ஒப்பிட்டுப் பயனில்லை.

சரி, பயங்களுக்கு வருவோம். முதல் பயம் தசைவலி. சீமைக்கருவேலம் வெட்டிவிட்டு வந்த மறுநாள் தொடை கடுத்தால்கூடப் பழி மாத்திரை மேல்தான் விழும். லண்டனில் செய்த ஒரு சோதனையின் முடிவு 2020-ல் வெளியானது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்கு, சில மாதம் உண்மை மாத்திரை, சில மாதம் மருந்தில்லாத போலி மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை. எது உண்மை, எது போலி என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாட்டினில் வந்த உபாதையில் 90 விழுக்காடு போலி மாத்திரையிலும் வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. வலி நிஜம், காரணம் வேறு.

மீதியை அலட்சியம் செய்யக் கூடாது. இரண்டு தொடையும் தோளும் சேர்ந்து வலித்து, உட்கார்ந்து எழவே முடியாமல் பலம் குறைந்து, சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். தசை சிதைவதன் அடையாளம் அது. அரிதுதான், ஆனால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். 2001-ல் செரிவாஸ்டாட்டின் என்ற மாத்திரை உலகச் சந்தையில் இருந்தே திரும்பப் பெறப்பட்டதற்கு இதுதான் காரணம். ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தோடு சேர்ந்தபோது அதன் ஆபத்து பல மடங்கு கூடியது.

என் கணக்கில் ஸ்டாட்டினைவிட அதோடு சேரும் மருந்துதான் கவனிக்க வேண்டியது. படர்தாமரைக்கு இப்போது சர்வசாதாரணமாக எழுதப்படும் இட்ராகோனசோல், சளிக்கு எழுதப்படும் கிளாரித்ரோமைசின் இரண்டும் அடோர்வாஸ்டாட்டினை ரத்தத்தில் ஏற்றிவிடும். தோல் டாக்டருக்கு இதய டாக்டர் கொடுத்தது தெரியாது. மெடிக்கலில் அட்டையைக் கத்தரித்து ஐந்து மாத்திரை வாங்கியிருப்போம். மருந்தின் பெயர் கடைக்காரர் கையில் உள்ள மீதித் துண்டோடு போயிருக்கும். நம்மிடம் இருக்கும் கவரில் ‘இரவு 1’ என்று பேனாவில் எழுதியிருக்கும், அவ்வளவுதான். முழு அட்டையாக வாங்குங்கள், எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா அட்டையையும் பையோடு எடுத்துப் போங்கள்.

கூட்டு மாத்திரை இன்னொரு குழி. 75/20 என்று போட்ட ஒரே மாத்திரைக்குள் ஆஸ்பிரின் 75, அடோர்வாஸ்டாட்டின் 20 இருக்கும். வேறு டாக்டர் தனியாக ஸ்டாட்டின் எழுதினால், ஒரே வகை மருந்து இரண்டு பெயரில் உள்ளே போகும்.

ஈரல் பற்றி: தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும், பிறகு அறிகுறி இருந்தால் மட்டும் பார்த்தால் போதும். தொடங்கி 4 முதல் 12 வாரத்துக்குள் கொழுப்பை ஒரு முறை பார்ப்பது வழக்கம். சர்க்கரை சிலருக்குச் சற்றே ஏறலாம். அதற்காக மருந்தை விடுவது நஷ்டக் கணக்கு. கர்ப்பம் தரித்தவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் மட்டும் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ரோசுவாஸ்டாட்டின் எடுப்பவர்கள் நெஞ்செரிச்சலுக்கு வெள்ளை மருந்து குடித்தால், மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது. ஒருநாள் மறந்துபோனால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். அடோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் எந்த நேரத்திலும், வெறும் வயிற்றிலும் போடக்கூடியவை. எனவே கிருத்திகை விரதத்திலும் தவறவிட வேண்டியதில்லை. நோன்பு மாதத்தில் இஃப்தாருக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.