கணப்பின் கதை – 12: கண்ணில்லாத அடுப்பு

விறகுக் கணப்பு கேட்கும் உழைப்பைச் சென்ற வாரம் பார்த்தோம். பிளக்க வேண்டும், அடுக்க வேண்டும், ஒரு கோடை முழுக்க உலர்த்த வேண்டும், நள்ளிரவில் எழுந்து கட்டை போட வேண்டும். இதில் பாதி வேலையை ஒரு சிறிய மோட்டாரிடம் விட்டுவிட முடியாதா என்ற கேள்வி, 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவின் மேற்குக் கரையில் எழுந்தது. அறுவை ஆலைகளில் மரத்தூள் கேட்பாரற்றுக் கிடந்தது. வீடுகளைச் சூடாக்கும் எண்ணெயின் விலையோ ஏறிக்கொண்டே போனது. போயிங் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜெர்ரி விட்ஃபீல்ட், 1980-களின் முற்பகுதியில் வீட்டுக்கூடத்தில் வைக்கத்தக்க பெல்லட் அடுப்பை உருவாக்கினார். இன்று அது நியூ இங்கிலாந்து வீடுகளிலும் இருக்கிறது, ஆல்ப்ஸ் மலையடிவாரக் கிராமங்களிலும் இருக்கிறது. ஐரோப்பாவில் இந்த அடுப்புக்கு மிகப் பெரிய சந்தை இத்தாலி.

பெல்லட் என்பது இறுக்கிய மரத்தூள். நம்மூர் மரத்தூள் அடுப்பை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நடுவில் ஓர் உருளைக் கட்டையை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கெட்டியாக இடித்து அடைத்து, கட்டையை உருவிவிட்டுப் பற்றவைப்பார்கள். அங்கே கை செய்த வேலையை இங்கே ஆலை செய்கிறது. உலர்ந்த தூளைத் துளைகளின் வழியே பேரழுத்தத்தில் பிதுக்கும்போது எழும் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் இளகி, தூளைத் தானே ஒட்டிவிடுகிறது. பசை தேவையில்லை. வெளியே வருவது 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சித் துண்டு. உலர்ந்த விறகில் 20 சதவீத அளவுக்கு ஈரம் இருக்கும். நல்ல பெல்லட்டில் அது 10 சதவீதத்துக்குள் அடங்கும். ஒரு கிலோவில் ஏறத்தாழ 4.8 யூனிட் வெப்பம். இரண்டு கிலோ பெல்லட், ஒரு லிட்டர் சூடாக்கும் எண்ணெய்க்குச் சமம்.

வினாடிக் கணக்கு

அடுப்பின் மேலேயோ பின்னாலேயோ பெல்லட் தொட்டி இருக்கிறது. அதன் அடியில் ஒரு திருகு, ஆகர் என்பார்கள். அது சில வினாடி சுழலும், சில வினாடி நிற்கும். சுழலும்போதெல்லாம் கொஞ்சம் பெல்லட் எரிகிண்ணத்தில் விழும். ஒரு விசிறி புகையைக் குழாய் வழியே வெளியே இழுக்கிறது. அந்த இழுப்பில்தான் கிண்ணத்தின் துளைகள் வழியாகக் காற்று உள்ளே வருகிறது. இன்னொரு விசிறி, சூடேறிய குழாய்களின் மேல் அறைக்காற்றைச் செலுத்தி அனலைக் கூடத்துக்குக் கொண்டுவருகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பெரும்பாலான அடுப்புகள் எரிபொருளை எடை பார்த்துப் போடுவதில்லை, நேரம் பார்த்துப் போடுகின்றன. விழுந்தது எவ்வளவு, அதில் ஈரம் எவ்வளவு, தீ எப்படி எரிகிறது என்பது எதுவும் அவற்றுக்குத் தெரியாது. காற்றோட்டத்தை அளக்கும் உணரிகள் சில புதிய அடுப்புகளில் வந்துவிட்டன. மற்றவை தொழிற்சாலையில் எழுதிவைத்த அட்டவணைப்படியே திருகையும் விசிறியையும் ஓட்டுகின்றன. அந்த அட்டவணைக்கும் உங்கள் வீட்டு நிலைமைக்கும் இடையே உள்ள தூரம்தான் பெல்லட் வீணாகும் இடம்.

அடுப்பின் மேல் ஒட்டியிருக்கும் திறன் எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஐரோப்பாவில் 90 சதவீதம் என்று விற்கப்படும் அடுப்பு, அமெரிக்கக் கணக்கில் 83 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மரம் எரியும்போது நீராவி உண்டாகிறது. அந்த ஆவியோடு வெளியேறும் வெப்பத்தை அமெரிக்கர்கள் இழப்பாகக் கணக்கில் எழுதுகிறார்கள், ஐரோப்பியர்கள் எழுதுவதில்லை. இரண்டுமே ஆய்வுக்கூடத்தில், சுத்தமான அடுப்பில், தேர்ந்த பெல்லட்டில் எடுத்த எண்கள்.

மூட்டையைப் படியுங்கள்

முதலில் எரிபொருள். ஐரோப்பாவில் இஎன்பிளஸ் ஏ1 என்ற முத்திரை உள்ள மூட்டையில் சாம்பல் 0.7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் பிரீமியம் தரம் என்றால் 1 சதவீதத்துக்குள். இந்தச் சின்ன வித்தியாசம் ஒரு குளிர்காலத்தில் பெரிதாகிவிடும். அமெரிக்காவில் 40 பவுண்டு மூட்டைகள் ஐம்பது சேர்ந்தால் ஒரு டன். மூன்று டன் எரிக்கும் வீட்டில் 1 சதவீதச் சாம்பல் என்றால் 27 கிலோ. அரை சதவீதம் என்றால் அதில் பாதி. மரப்பட்டையும் மண்ணும் கலந்த தூளில் சாம்பல் கூடும். அது உருகிக் கட்டிதட்டி, கிளிங்கர் என்ற கசடாகிக் கிண்ணத்தின் துளைகளை அடைக்கும்.

கடின மரப் பெல்லட்தான் உயர்ந்தது, பைன் வகை மரத்தில் பிசின் அதிகம், புகைக்குழாய் அடைத்துக்கொள்ளும் என்று கடைகளில் சொல்வார்கள். விறகின் அனுபவத்தைப் பெல்லட்டின் மேல் ஏற்றிச் சொல்வது அது. ஆலையில் இறுக்கியபின் இரண்டும் ஏறத்தாழ ஒரே அடர்த்திதான். பிசினும் லிக்னினும் கூடுதலாக இருப்பதால் மென்மரம் கிலோவுக்குச் சற்று அதிக வெப்பமே தருகிறது.

துண்டின் நீளத்தையும் பாருங்கள். நீளமான துண்டுகள் திருகில் நெருக்கமாக அடங்காததால் ஒரு சுழற்சிக்குக் குறைவாக விழும். குட்டையானவை அதிகமாக விழும். அட்டவணை மாறாமலே தீ மாறிவிடும். எனவே நிறுவனம் மாற்றினால் அளவையும் திருத்த வேண்டும். மூட்டையின் அடியில் தங்கும் தூளைத் தொட்டியில் கொட்டாதீர்கள். அது திருகை அடைக்கும், எரியாமலே புகைக்குழாய்க்குப் பறக்கும். மூட்டைகளை மரச்சட்டத்தின் மேல், ஈரம் படாத இடத்தில் அடுக்குங்கள். தண்ணீர் பட்ட பெல்லட் ஊதிப் பழையபடி தூளாகிவிடும்.

தீயைப் பாருங்கள்

ஒரு கிலோ பெல்லட் முழுமையாக எரிய ஏறத்தாழ 6 கிலோ காற்று வேண்டும். அதாவது 5 கன மீட்டர். நடைமுறையில் அடுப்புகள் இதைப்போல் இரு மடங்குக்கு மேலும் இழுக்கின்றன. மிஞ்சிய காற்று சும்மா போவதில்லை. சூடேறிக்கொண்டு வெளியே போகிறது. காற்று குறைந்தாலோ எரியாத வாயுக்கள் புகையாகப் போகின்றன. இரண்டுமே காசுதான்.

கருவி பார்க்காததை நாம் பார்க்கலாம். தீ சோம்பலாக, நீண்டு, செம்மஞ்சளாக, நுனி கறுத்து ஆடினால் காற்று போதவில்லை. கண்ணாடி சீக்கிரமே கரி பிடிப்பதும் அதற்கு அடையாளம். தீ குட்டையாகச் சீறி, கிண்ணத்திலிருந்து பொறிகளையும் அரைகுறையாக எரிந்த துண்டுகளையும் வெளியே எறிந்தால் காற்று மிகுதி. சுறுசுறுப்பான மஞ்சள் தீ, புகையில்லாத நுனி, கண்ணாடியில் வெளிறிய சாம்பல் படிவு — இதுதான் வேண்டியது. திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அரைமணி நேரம் பொறுத்துப் பாருங்கள்.

ஆனால் பொத்தானைத் தொடுமுன் கதவைச் சோதிக்க வேண்டும். கதவைச் சுற்றியுள்ள கயிற்றுப் பட்டை தேய்ந்துவிட்டால், விசிறியின் இழுப்பில் காற்று எரிகிண்ணத்தைத் தொடாமல் இடுக்கு வழியே நுழைந்து குழாய்க்கு ஓடிவிடும். அப்போது தீக்குக் காற்றுப் பஞ்சம், புகைக்குழாயில் காற்று மிகுதி. இரு கேடும் ஒருசேர வரும். அடுப்பு குளிர்ந்திருக்கும்போது ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்துப் பூட்டி இழுங்கள். எளிதாக உருவிக்கொண்டு வந்தால் பட்டையை மாற்றும் காலம் வந்துவிட்டது.

துடைப்பதே சேமிப்பு

எரிகிண்ணத்தின் துளைகளை நாள்தோறும் சுரண்டிவிட வேண்டும். அனல் மாற்றும் குழாய்களில் படியும் மென்சாம்பல் ஒரு போர்வையாகவே வேலை செய்யும். தீ நன்றாக எரிந்தும் சூடு அறைக்கு வராமல் வெளியே போகும். பல அடுப்புகளில் இதற்கென்றே இழுத்துவிடும் சுரண்டுகம்பி இருக்கிறது. சாம்பல் தட்டும் அதன் பின்னுள்ள அறைகளும் வாரம் ஒரு முறை, புகைக்குழாயும் விசிறியும் பருவத்துக்கு ஒரு முறையாவது. அடுப்பு நேற்றை விடக் கூடுதலாகத் தின்று குறைவாகச் சுடுகிறது என்றால், பத்தில் ஒன்பது முறை அழுக்குதான் காரணம் என்று பழுதுபார்ப்பவர்கள் சொல்வார்கள். எண்ணைப் பேச்சுவழக்காக எடுத்துக்கொண்டாலும் சொல்லின் திசை சரி.

அணைவதும் பற்றுவதும் செலவு பிடித்த வேலைகள். ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் மின்கம்பி சில நூறு வாட் இழுக்கிறது. முதல் சில நிமிடங்கள் புகைதான் அதிகம். தெர்மோஸ்டாட் அரை டிகிரி இறக்கத்துக்கெல்லாம் அடுப்பை எழுப்பினால் நாளெல்லாம் இதே கதை. இடைவெளியை ஒன்றிரண்டு டிகிரியாக அகலப்படுத்தலாம். கடுங்குளிரில் அணைக்காமல் மிதமாக எரியவிடலாம். இந்தத் தொல்லைக்கு மூலம் பெரும்பாலும் வாங்கும்போதே தொடங்குகிறது. 8 கிலோவாட் அடுப்பு முழுத் தீயில் மணிக்கு 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எரிக்கும். நன்கு காப்பிட்ட சிறிய வீட்டுக்கு அது பெரிது. அணைந்து அணைந்துதான் எரியும்.

இழுக்கும் காற்று எங்கிருந்து வருகிறது என்பதும் கேள்வி. அறைக்காற்றையே எரித்தால், அதன் இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்கு வழியே வெளிக்குளிர் நுழையும். வெளியிலிருந்து தனிக்குழாயில் காற்று கொடுப்பது நல்லது. தள்ளியிருக்கும் அறைக்குச் சூடு போகவில்லையா? சூட்டைத் தள்ளாதீர்கள். குளிர்ந்த அறையின் தரையில் ஒரு சிறிய மின்விசிறியை அடுப்பு இருக்கும் பக்கம் பார்த்து வையுங்கள். கனமான குளிர்காற்று தரையோடு போகும். வெதுவெதுப்பான காற்று கூரையோடு வந்து அதன் இடத்தைப் பிடிக்கும்.

கணக்கு எழுதுங்கள்

செய்ததெல்லாம் பலித்ததா என்று அறிய மூட்டையை மட்டும் எண்ணினால் போதாது. குளிரையும் எண்ண வேண்டும். அதற்குப் பாகை-நாள் என்ற அளவு இருக்கிறது. நாளின் சராசரி வெப்பநிலை 18 டிகிரிக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ, அதுவே அந்நாளின் எண். சராசரி 0 டிகிரி என்றால் 18; அப்படி ஏழு நாள் என்றால் 126. அந்த வாரம் 18 கிலோ மூட்டை ஏழு தீர்ந்திருந்தால், பாகை-நாளுக்கு ஒரு கிலோ. அடுத்த வாரம் சராசரி மைனஸ் 5 என்றால் எண் 161. ஒன்பது மூட்டை போனால் பழைய நிலையேதான். பதினொன்று போனால் எங்கோ ஓட்டை: கதவா, கிண்ணமா, புது மூட்டையா என்று தேடலாம்.

இந்தக் கணக்கின் அருமை 2022-இல் இத்தாலியருக்குப் புரிந்தது. உக்ரைன் போரைத் தொடர்ந்து ரஷ்ய மரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. 5 யூரோவுக்கு அருகில் விற்ற 15 கிலோ மூட்டை 10 யூரோவைத் தாண்டியது. மறு ஆண்டு அரசு பெல்லட் மீதான வரியை 22 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்க வேண்டி வந்தது.

ஒரே ஓர் எச்சரிக்கை. சிக்கனம் என்று சொல்லிக் காற்றை நெரிக்காதீர்கள். நெரித்த தீ கார்பன் மோனாக்சைடு கக்கும். மூடிய அறையில் மொத்தமாகச் சேமித்த பெல்லட்டும் அதே வாயுவை வெளியிடும். எச்சரிக்கைக் கருவி இல்லாத வீட்டில் பெல்லட் அடுப்பு இருக்கவே கூடாது. மற்றபடி, கூடுதல் திறனுக்காகப் புது அடுப்பு வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். இருக்கும் அடுப்பைத் துடையுங்கள், கதவுப் பட்டையை மாற்றுங்கள், பாகை-நாள் கணக்கை எழுதுங்கள். பலருக்குப் புது அடுப்பே தேவைப்படாது.

(தொடரும்)