ஒரே நெட்வொர்க், இரண்டு கருவிகள்

1999 மே மாதம் நியூயார்க் வட்டாரத்தில் பாம் நிறுவனத்தின் 'பாம் 7' கையடக்கக் கணினி விற்பனைக்கு வந்தது. விலை 599 டாலர். மடித்து வைத்த ஆன்டெனாவைத் தூக்கி நிறுத்தினால் போதும். உள்ளங்கையில் இருக்கும் கருவி இணையத்தோடு பேசத் தொடங்கிவிடும். கட்டணம்தான் இடித்தது. மாதம் 9.99 டாலருக்குக் கிடைத்தது 50 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படத்துக்கே அது போதாது.

கஞ்சத்தனம் மட்டும் காரணமல்ல. பெல்சவுத் நிறுவனத்தின் மோபிடெக்ஸ் நெட்வொர்க்கில் வேகமே நொடிக்கு 8 கிலோபிட்தான். அதைச் சமாளிக்கப் பாம் கண்டுபிடித்த வழி 'வெப் கிளிப்பிங்'. பக்கத்தின் படங்களும் படிவங்களும் முன்கூட்டியே கருவியில் இருக்கும். ஊர்ப் பெயரைக் குறித்து அனுப்பினால் அன்றைய வானிலை விவரம் மட்டும் சில நூறு எழுத்துகளாகத் திரும்பி வரும். கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்க வேண்டும். கேட்கும்போதெல்லாம் கணக்கில் கிலோபைட் கரையும்.

பாமுக்கு அப்போது ஏறுமுகம். சட்டைப் பைக்குள் ஒரு மரத்துண்டைப் போட்டுக்கொண்டு திரிந்து அளவு பார்த்த ஜெஃப் ஹாக்கின்ஸ் வடிவமைத்த பைலட், 1996இல் 299 டாலருக்கு வந்து சந்தையைப் பிடித்தது. ஆப்பிளின் நியூட்டன் கையெழுத்தைப் படிக்கத் தடுமாறிக் கேலிக்கு ஆளாகியிருந்த காலம் அது. பாம், மனிதர்களையே கொஞ்சம் மாற்றி எழுதச் சொன்னது. அந்த 'கிராஃபிட்டி' எழுத்துகளை மக்கள் சளைக்காமல் கற்றுக்கொண்டார்கள். 2000 மார்ச்சில் 38 டாலருக்கு வெளியிட்ட பங்கு முதல் நாளே 95 டாலரில் முடிந்தது. பாமில் 90 விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருந்த தாய் நிறுவனம் த்ரீகாமின் மதிப்பு, அன்றைக்கு மகளின் மதிப்பைவிடக் குறைவு! சந்தைக்குப் பித்துப் பிடித்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இதற்கிடையில் கனடாவின் வாட்டர்லூவில் மைக் லசாரிடிஸின் ரிம் நிறுவனம், அதே 1999இல், பிளாக்பெர்ரி சேவையைத் தொடங்கியது. கருவி பேஜர் அளவு. ஒரே ஒரு பென்சில் பேட்டரியில் ஓடும். பெருவிரல்களால் தட்டுவதற்குக் குட்டி விசைப்பலகை. அதன் 950 மாடல் ஓடியதும் இதே மோபிடெக்ஸில்தான்.

ஆன்டெனாவைத் தூக்கும் வேலை இதில் இல்லை. ரேடியோ எப்போதும் விழித்திருக்கும். அலுவலகக் கணினிக்கு மின்னஞ்சல் வந்ததும் அங்குள்ள மென்பொருள் அதன் முதல் 2 கிலோபைட்டைக் கருவிக்குத் தள்ளிவிடும். மிச்சம் வேண்டுமென்றால் மட்டும் கேட்டால் போதும். மாதக் கட்டணமும் ஒரே தொகை, கிலோபைட்டை எண்ண வேண்டியதில்லை. வேகம் குறைந்த குழாயில் இணையத்தை இறைக்கப் பார்த்தது பாம். அதற்கு ஏற்ற சரக்கு மின்னஞ்சலே என்று ரிம் முடிவு கட்டியது. வென்றது ரிம்மின் கணக்கு.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் செல்பேசி அழைப்புகள் நெரிசலில் சிக்கியபோதும் பிளாக்பெர்ரி செய்திகள் போய்ச் சேர்ந்தன. அதன்பின் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் கைக்கும் அது வந்தது.

பைலட்டை வடிவமைத்த ஹாக்கின்ஸும் விசைப்பலகைக்கு வந்தார். அவர் 1998இலேயே பாமை விட்டு விலகி ஹேண்ட்ஸ்பிரிங் தொடங்கியிருந்தார். அந்த நிறுவனம் 2002இல் கொண்டுவந்த ட்ரியோ 180 செல்பேசியில் விசைப்பலகை இருந்தது. கிராஃபிட்டியை விட மனமில்லாதவர்களுக்கு '180ஜி' என்று தனியாக ஒரு மாடல் போட்டார்கள். பின்னர் வந்த ட்ரியோ 600இல் விசைப்பலகை மட்டும்தான்.